பேரீச்சங்கொட்டைத் தண்ணீர்

என் மச்சான் இபுராம்சா மவுத்தான பிறகு இருபத்தொரு நாள் கெடாமல் கிடந்தார். அதற்குக் காரணம் நான்தான். முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன், இடையில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

என் பெயர் கலந்தர். எங்கள் ஊர் மையவாடியில் நாற்பத்தோரு வருஷமாகக் குழி வெட்டுகிறேன், ஆண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறேன். இந்த வேலைக்குப் பொறுமை ஆகாது. காலையில் மவுத்து என்றால் உச்சிவேளை லுஹர் தொழுகையோடு அடக்கம், மத்தியானம் மவுத்து என்றால் சாயங்கால அசரோடு அடக்கம். அழுகிறவர்களை அழவிட்டால் அழுதுகொண்டே இருப்பார்கள், வெயில் ஏறும், வெளியூர்க்காரன் வரட்டும் என்பார்கள், வெளிநாட்டுக்காரன் வரட்டும் என்பார்கள். நான் வாசலில் நின்று "நேரமாச்சு" என்பேன். அவ்வளவுதான். என் பெண்டாட்டியையே மூன்று மணி நேரத்தில் அடக்கம் செய்தவன் நான். பெருமையாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊர்க் காற்று எல்லாவற்றையும் தின்னும். கடலிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வந்து தெருத்தெருவாக நுழைந்து, வாசல் கேட்டை ஐந்து வருஷத்தில் தின்னும், சைக்கிளை மூன்று வருஷத்தில் தின்னும், ஜன்னல் கம்பியை, தையல் மிஷினை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியைத் தின்னும், இரும்பு தீர்ந்தால் மனுஷனையும் தின்னும். அதனால்தான் பையன்களுக்கு மீசை முளைத்ததும் விமானத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு ஒருவன் வெளிநாட்டில். வாப்பா செத்தால் போனில் அழுவான். உம்மா செத்தால் போனில் அழுவான். வந்து மண் போட்டவன் எவனும் இல்லை, ஏனென்றால் அவன் டிக்கெட் எடுப்பதற்குள் நான் மண்ணை மூடியிருப்பேன்.

என் தங்கச்சி மர்ஜானாவின் மகன் அஸ்கரும் அப்படிப் போனவன்தான். ஆனால் அவன் சண்டை போட்டுக்கொண்டு போனான். அவன் வாப்பா இபுராம்சாவுக்கு ஒரு வினோதமான தொழில். நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசலில் ஊரே பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறக்குமே, அந்தக் கொட்டைகளைத் தட்டுத்தட்டாகச் சேர்த்து, கழுவி, கொதிக்கவைத்து, காயப்போட்டு, வறுத்து இடித்துக் காப்பித்தூளாக விற்பார். வருஷத்துக்கும் அதுதான் பிழைப்பு. "பழத்தைவிடக் கொட்டையில சத்து கூட" என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லுவார். மகனிடம் ஒருநாள் இடிக்கிற உலக்கையை நீட்டினார். "ஊரு துப்புன கொட்டையைப் பொறுக்குற பொழப்பு எனக்கு வேணாம் வாப்பா" என்றான் அஸ்கர். ஓர் அறை விட்டார். மறுவாரம் அவன் சவுதியில் இருந்தான். என்ன வேலை தெரியுமா? பேரீச்சந்தோப்பில் மரமேறிக் குலை வெட்டுகிற வேலை. ஊரே சிரித்தது. நாலு வருஷம் வாப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் வந்தால் இபுராம்சா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார், பேசி முடிக்கும் வரை அங்கேயே நிற்பார், மர்ஜானா வேண்டுமென்றே உரக்கப் பேசுவாள், அவருக்குக் கேட்கட்டும் என்று.

அந்த வருஷம் நோன்பு ஆவணி வெயிலில் வந்தது. ஐந்தாம் நோன்பு அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில், பள்ளிவாசல் கஞ்சிக் கொட்டகையில் கொட்டையைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாயில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

நான் போனேன். அளவெடுத்தேன். குழியை வெட்டினேன். மையித்துக்கு இலந்தை இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் வேண்டும், அது எங்கள் வழக்கம். பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற மோதினாரிடம் சொல்லிவிட்டிருந்தேன், அவரும் கொட்டகையில் காய்ச்சி மூடி வைத்திருந்தார். அங்கே மூடிய அண்டா இரண்டு இருந்தன. இரண்டிலும் பழுப்புத் தண்ணீர். எனக்கு மோந்து பார்க்க நேரமில்லை. கையில் பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இதுதான் நான் செய்த தப்பு. தன் கையால் காய்ச்சிய தண்ணீரில் தானே குளித்தார் என் மச்சான்.

வெள்ளைக் கபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்தோம். மல்லிகையை நெஞ்சில் போட்டார்கள். "நேரமாச்சு" என்றேன். மர்ஜானா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"அஸ்கர் நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். நாளைக்கு எடுங்க காக்கா."

"என்ன பேசுறே புள்ள? நாளைக்கா? இந்த வெயில்லயா?"

"நாலு வருஷமா ஒருத்தருக்கொருத்தர் பேசலை. பேசாம மண்ணுக்குள்ள வெக்க விடமாட்டேன். என்னைத் தாண்டிட்டு எடுத்துட்டுப் போங்க பார்ப்போம்."

என் தங்கச்சியைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. நாற்பத்தாறு வயசு, கருகருவென்று முடி, கல்லை இடித்தாலும் இடிக்கும் கை. பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து வாசல் திரைக்கு வெளியே நின்று மார்க்கம் சொன்னார். அவள் கேட்டாள். எழுந்திருக்கவில்லை. சரி, நாளை லுஹர் வரை என்று ஜமாஅத்தில் விட்டுக்கொடுத்தார்கள்.

மறுநாள் லுஹருக்கு அஸ்கர் வரவில்லை. போன்தான் வந்தது. "மாமா, பாஸ்போர்ட்டு முதலாளி பொட்டியில இருக்கு. பழம் பறிக்கிற சீசன், விடமாட்டேங்குறார். நாளைக்கு எப்படியாச்சும்..." மையித்தைத் தூக்கிப்போகிற சந்தூக்கோடு நாங்கள் ஆறு பேர் வாசலில் நின்றோம், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, எதற்கும் தயாராக. உள்ளே போனோம். துண்டை அவிழ்த்தோம்.

வாடை இல்லை. ஓர் ஈ இல்லை. நெஞ்சில் போட்ட மல்லிகை அப்போதுதான் பறித்தது போல இருந்தது. இபுராம்சா நல்ல கனவு காண்கிறவர் மாதிரி லேசாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் ஹஸ்ரத் வந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எதிர்வீட்டு ஷமீமா டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவள். அவள்தான் மர்ஜானா வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்த அண்டாவை மோந்து பார்த்தாள். "மாமா, இது இலந்தை இல்ல. இது கொட்டைத் தண்ணி."

"அதனால?"

"ஆப்பிளை வெட்டி வெச்சா கறுக்குதா? எண்ணெய் நாள்பட்டா காறுதா? கேட்டு துருப்பிடிக்குதா? எல்லாம் ஒரே வேலைதான். காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் செய்யிற வேலை. அதைத் தடுக்குற சரக்கு பேரீச்சம்பழத்துல இருக்கு, கொட்டையில இன்னும் கூட இருக்கு. ஆன்டி ஆக்ஸிடன்ட்டுன்னு சொல்லுவோம்."

"அதுக்காக மையித்து கெடாம இருக்குமா?"

"இருக்காது. கொட்டைச் சாறு ஊத்தினா எண்ணெய் கொஞ்ச நாள் கூடுதலா காறாம இருக்கும், அவ்வளவுதான் படிச்சிருக்கேன்."

"அப்ப இது என்ன?"

"இது எனக்குத் தெரியாது மாமா."

தெரியாதது எங்கள் ஊரில் யாரையும் நிறுத்தியதில்லை. அன்று நோன்பு திறந்ததும், வாயிலிருந்து எடுத்த கொட்டையைத் தட்டில் போடாமல் பெண்கள் கையில் பொத்திக்கொண்டார்கள். தூக்குவாளியிலும் கிண்ணத்திலும் முந்தானையிலும் முடிந்து மர்ஜானா வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள், ஏனென்றால் மேலே பூசியது காய்ந்துவிடுமே, தினமும் துடைத்துவிட வேண்டுமே, அஸ்கர் வருகிற வரை துடைக்க வேண்டுமே. மேலத்தெரு ஹாஜியார் பெண்டாட்டி வெள்ளித் தட்டில் கொண்டுவந்தாள். "இது மதீனா அஜ்வாக் கொட்டை. உங்க பாக்கெட் பழத்துக் கொட்டையோட கலந்துடாதீக" என்றாள். அடுத்தவள், "எந்தக் கொட்டையா இருந்தாலும் துப்புனதுதானேம்மா" என்றாள். மையித்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மர்ஜானாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

இரண்டே நாளில் ஊர் பழகிவிட்டது. கேட்டுக்குக் கொட்டைத் தண்ணீர் பூசினார்கள், சைக்கிள் செயினுக்குப் பூசினார்கள், கல்யாணப் போட்டோவுக்குப் பூசிப் பாழாக்கினார்கள். காலையில் வேலைக்குப் போகிறவன் இபுராம்சா வீட்டு ஜன்னலில் எட்டி "அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பதில் வராததைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. மகன்களை வெளிநாட்டில் வைத்திருக்கிற கிழடுகள் எல்லாம் திடீரென்று நிம்மதியாகத் தூங்கின. ஜமாஅத்தில் கூட்டம் போட்டார்கள். மலேசியா சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்கு ஒரு நாள் காத்திருக்கலாம், அரபு நாட்டுக்கு மூன்று நாள், லண்டன் அமெரிக்காவுக்கு ஐந்து நாள் என்று எழுதினார்கள். "சென்னையில இருக்கிறவனுக்கு?" என்று ஒருவர் கேட்டார். "பஸ்ல வரச் சொல்லு" என்றார் தலைவர். ஹஸ்ரத் மட்டும், "மையித்தைச் சீக்கிரம் எடுக்கச் சொன்னது கெட்டுப் போயிடும்னு மட்டுமில்ல" என்றார். "பின்ன வேற எதுக்கு?" என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். அவசரம் என்று சொல்லத் தெரியும் எனக்கு, எதற்கு என்று சொல்லத் தெரியாது.

பதினோராம் நோன்பில் கீழத்தெரு செய்யதம்மா மவுத்தானார். மகன் குவைத்தில். தீர்மானப்படி மூன்று நாள். கொட்டைத் தண்ணீர் காய்ச்சி, வலது பக்கத்தை மகள் துடைத்தாள், இடது பக்கத்தை மருமகள்கள் இரண்டு பேரும் முறைவைத்துத் துடைத்தார்கள். மூன்றாம் நாள் மகன் வந்து பார்த்தபோது அந்த உம்மா வலது பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார், இடது பக்கம் செத்துப் போயிருந்தார். அந்தக் குடும்பத்தில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. குழியில் இறக்கும்போது எனக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. ஆனால் வெளியே வந்தபோது வேறொன்றையும் பார்த்தேன். அந்த மகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மூன்று நாளைக்கு முன்னால் முழுசாக இருந்த வாயில் முன்பல் இரண்டு இல்லை.

"நோன்பு அசதி" என்றார்கள் பெண்கள்.

நான் நேராக மர்ஜானா வீட்டுக்குப் போனேன். பகல் வெளிச்சத்தில் அவளை ஒழுங்காகப் பார்த்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. முக்காடு நழுவியிருந்தது. முடி முழுக்கப் பஞ்சு. கொட்டைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து புருஷனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கழுத்தைத் துடைத்தாள், காதுமடலின் மடிப்பைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் துடைத்தாள். அவர் விரல் நேற்றுச் செத்தவர் விரல். அவள் விரல் காய்ந்த முருங்கைக்காய். கொல்லைக் கதவின் கீல் துருவேறிக் கையோடு வந்தது. செம்பு அண்டா பச்சை பூத்திருந்தது. நோன்புக்கு முன்னால் வாங்கிய அரிசியில் எல்லாம் புழு. அந்த வீட்டில் அவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காற்று இரட்டிப்பாகத் தின்றுகொண்டிருந்தது.

டீச்சரைக் கூப்பிட்டேன். "கொட்டை எப்படித் தடுக்குது? அதை முதல்ல சொல்லலையே நீ."

அவள் மர்ஜானாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "தின்ன வர்றதுக்குத் தன்னைக் குடுத்துடும் மாமா. மத்ததைத் தின்னாம விடணும்னா அதுக்கு ஏதாச்சும் ஒண்ணு தின்னக் கெடைக்கணும். சரக்கு தன்னை அழிச்சுக்கிட்டுத்தான் காப்பாத்துது."

"சரக்கு தீர்ந்தா?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் மர்ஜானா சொன்னாள். "எனக்கு முன்னமே தெரியும் காக்கா. தொடைக்க ஆரம்பிச்ச மூணாம் நாளே நகம் விழுந்துச்சு."

நான் கத்தினேன். நாற்பத்தோரு வருஷத்தில் மையித்து வீட்டில் நான் கத்தியதில்லை. போதும் புள்ள, எடுத்துடுவோம், அவன் வந்தா வர்றான் வராட்டிப் போறான், நீ செத்துக்கிட்டு இருக்கே என்றேன். அவள் துணியைப் பிழிந்தாள்.

"ஒரு நாள் காக்கா. நாளைக்கு வந்துடுவான்."

"இதையே எத்தனை நாளாச் சொல்றே?"

"ஒரே நாளைத்தானே கேக்குறேன்."

அன்று மாலை போன் வந்தது. அவள் பேசவில்லை. போனைப் புருஷனின் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அஸ்கர் அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. இன்னும் ரெண்டு தோப்பு பாக்கி உம்மா, மரத்துல ஏறுறேன் இறங்குறேன், கால் முறிஞ்சாலாச்சும் அனுப்புவாங்களான்னு பார்க்குறேன் என்று அழுதான். இபுராம்சா இந்தத் தடவை எழுந்து கொல்லைக்குப் போகவில்லை. முழுசாகக் கேட்டார். போன் நின்ற பிறகு மர்ஜானா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டீகளா? இன்னும் என்ன வீம்பு?"

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். தின்னத்தான் வேண்டுமென்றால் என்னைத் தின்னட்டும். எனக்கு அறுபத்தெட்டு ஆகிவிட்டது, கொடுப்பதற்குப் பெரிதாக இல்லை என்றாலும் இருப்பதைக் கொடுக்கலாம். அவள் அசந்திருந்தபோது துணியை வாங்கி மச்சானின் வலது கையைத் துடைத்தேன். எத்தனை பேரைக் குளிப்பாட்டிய கை என் கை, எத்தனை பதமாகத் துடைக்கும் தெரியுமா. பிஸ்மில்லாஹ் சொல்லித் துடைத்தேன், யா அல்லாஹ் என்னை எடு என்று சொல்லித் துடைத்தேன், முழங்கை வரை துடைத்தேன். என் உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு முடி உதிரவில்லை. அசர் பாங்கு சொல்வதற்குள் மச்சானின் வலது கை விரல் நுனிகள் கறுக்க ஆரம்பித்தன. வாடையும் வந்தது. எனக்குத் தெரிந்த வாடை.

மர்ஜானா விழித்துப் பார்த்தாள். துணியைப் பிடுங்கினாள். அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு, மறுபடி மறுபடி நனைத்துத் துடைத்தாள். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது, வடிய வடிய அவள் முதுகு என் கண் முன்னால் வளைந்தது.

"காக்கா, நீங்க இவுகளைப் பொதைக்குறதுக்காகத் தொடைக்கிறீக" என்றாள். "வெளியில போங்க."

போனேன். வேறு என்ன செய்ய? மையவாடிக்குப் போய்க் குழியை வெட்டினேன். எங்கள் மண் மணல் மண், திறந்து போட்டால் ராத்திரிக்குள் சரிந்து மூடிவிடும். தினமும் காலையில் போய் அதே குழியை வெட்டுவேன், மறுநாள் போவேன், மூடியிருக்கும், மறுபடி வெட்டுவேன். பதினாறாம் நோன்பு, பதினேழாம் நோன்பு, இருபதாம் நோன்பு. வாயில் தண்ணீர் படாமல் ஆவணி வெயிலில் வெட்டினேன். வெட்டி முடித்து, குழி விளிம்பில் உட்கார்ந்து, அவனை நாளைக்குக் கொண்டுவா என்று துஆ கேட்பேன். பிறகு, இல்லை, அவளைக் கொஞ்சம் வைத்திரு என்று கேட்பேன். எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை. ஒருநாள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நாலு பேரோடு போய் வலுக்கட்டாயமாக எடுத்துவிடத் தயாரானேன். வாசலில் ஊர்ப் பெண்கள் எல்லாம் நின்றார்கள். ஒருத்தி மகன் தோஹாவில், ஒருத்தி மகன் மஸ்கட்டில், ஒருத்தி மகன் எங்கே என்றே தெரியாது. ஒருத்தியும் வழிவிடவில்லை. கையில் கொட்டைக் கிண்ணம் வைத்திருந்தார்கள். நாலு பேரும் சந்தூக்கைக் கீழே வைத்துவிட்டு நழுவிவிட்டார்கள். என் தங்கச்சியைக் கொன்றுகொண்டிருந்தது அந்தப் பெண்களின் அன்புதான். அதை அவர்களிடம் சொன்னேன். "எங்களுக்கும் தெரியும் காக்கா" என்றாள் மஸ்கட்காரன் உம்மா. "நாங்களா இருந்தாலும் இதைத்தான் செய்வோம்."

இருபத்தாறாம் நோன்பு, மத்தியான பஸ்ஸில் அஸ்கர் வந்தான். வெயிலில் தீய்ந்த முகம், ஒரு கால் நிஜமாகவே கட்டுப் போட்டிருந்தது. கட்டையை ஊன்றிக்கொண்டு தெருவில் நடந்தான். ஊர் கதவுகளைத் திறந்து பார்த்தது. நான் அவனோடு உள்ளே போனேன்.

இபுராம்சா நாலு வருஷத்துக்கு முன்னால் அறைந்த அதே முகத்தோடு கிடந்தார். அவர் தலைமாட்டில், சுருட்டி வைத்த பாய் உயரத்துக்கு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அஸ்கர் கட்டையைப் போட்டுவிட்டு வாப்பாவின் காலில் விழுந்தான். "வாப்பா, நானும் கொட்டை பொறுக்கத்தான் போனேன்" என்றான். "சிரிங்க வாப்பா. ஒரு தடவை சிரிங்க." ரொம்ப நேரம் பேசினான். நாலு வருஷத்துப் பேச்சு. நான் ஒரு தடவைகூட நேரமாச்சு என்று சொல்லவில்லை.

முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கிழவியைப் பார்த்தான். யாசீன் ஓத வந்த யாரோ என்று நினைத்தான்.

"பெத்தம்மா, எங்க உம்மா எங்க?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், சொல்லாதே என்று விரலை லேசாக அசைத்தாள். பிறகு அவனிடம் சொன்னாள்.

"உம்மா வீட்டுலதான் இருக்கா. மொதல்ல வாப்பாவை எடுங்க. நேரமாச்சு."

இலந்தைத் தண்ணீரை நானே காய்ச்சினேன். மோந்து பார்த்தேன். மோதினாரையும் மோந்து பார்க்கச் சொன்னேன். மறுபடி குளிப்பாட்டி, கபன் மாற்றி, தொழவைத்து, அசருக்கு முன்னால் எடுத்துவிட்டோம். அஸ்கர் ஒற்றைக் காலில் நின்று மூன்று பிடி மண் போட்டான். தலைமாட்டில் மண் விழுந்ததும் கருகிய மல்லிகையின் வாடை ஒருமுறை வந்தது, பிறகு வெறும் மண்வாடை. இருபத்தொரு நாளாக வெட்டிய குழி மூடிக்கொண்டது.

வீட்டுக்குத் திரும்பியபோது நோன்பு திறக்கிற நேரம். பாயில் கஞ்சியும் பழமும் இருந்தன. அஸ்கர் உள்ளறையை எட்டிப் பார்த்தான், கொல்லையைப் பார்த்தான். "உம்மா எங்க மாமா, இன்னும் வெளியே வரலையே?" பாங்கு சொல்லிவிட்டார்கள். அந்தக் கிழவி ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள். நகமில்லாத விரலால் கீறி, கொட்டையை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, பழத்தை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவன் வாயில் வைத்தாள். சின்ன வயசில் அவன் தொண்டையில் ஒருதடவை கொட்டை சிக்கியதிலிருந்து அவள் அவனுக்கு முழுப் பழம் கொடுத்ததே இல்லை.

அஸ்கர் மெல்லவில்லை. அந்தக் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். பாதிப் பழத்தை வாயில் வைத்துக்கொண்டே "உம்மா" என்றான்.

"எளைச்சுப் போயிட்டே வாப்பா" என்றாள் மர்ஜானா.

அன்று ராத்திரி முழுக்க அவள் தலை அவன் தோளில் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, அவன் ஏதோ தோப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கேட்டுக்கொண்டிருந்தவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான்.

குளிப்பாட்டப் பெண்களுக்குச் சொல்லியனுப்பினேன். அடுப்பில் இலந்தையைப் போட்டேன். உள்ளே வந்தபோது அஸ்கர் கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டைத் துழாவிக்கொண்டிருந்தான், பரணில், அடுக்களையில், கதவுக்குப் பின்னால்.

"கொட்டை எங்க மாமா?"

"எதுக்கு?"

"நேத்துத்தான் மாமா உம்மாவைப் பார்த்தேன். ஒரு நாள்தான் ஆச்சு. இன்னும் ஒரே ஒரு நாள். நான் தொடைக்கிறேன், எனக்கு வயசு இருக்கு மாமா, இருபத்திநாலுதான் ஆகுது, எவ்வளவோ இருக்கு. கொட்டையை எங்க வெச்சிருக்கீங்க?"

முற்றத்தின் மூலையில், துணி போட்டு மூடிய சாக்கின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. கால் உட்கார்ந்தது.

"தீந்து போச்சு" என்றேன்.

"ஊரே கொண்டாந்து கொட்டுச்சுன்னாங்களே?"

நோன்போடு பொய் சொன்னேன். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

"தீந்து போச்சுன்னா தீந்து போச்சு. நேரமாச்சு. போய்க் கைகால் கழுவி ஒளு செய்."

அவன் நின்றான். என்னைப் பார்த்தான். போகவில்லை. சாக்குக்குள் கொட்டைகள் தொடையில் குத்தின, ஊரில் இருக்கிற எல்லா உம்மாவும் சேர்ந்து குத்துகிற மாதிரி. நான் அசையவில்லை. அடுப்பில் இலந்தை கொதிக்கிற வாடை வரும் வரை அசையவே இல்லை.